கனரக வெசலுக்கு பேஸ் பிளேட் அளவு போடுவது எப்படி: லோட் ஷீட்டிலிருந்து கிரவுட் வரை

மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் சிவில் டிசைன் வேலைக்குச் சேருபவர்களின் கையில் முதல் சில மாதங்களிலேயே வந்து விழும் வேலை இது. ஒரு வெசல் (தொழிற்சாலையின் பெரிய உருளைக் கலன்) வரப்போகிறது, அதன் அடியில் உட்காரும் தகட்டின் அளவையும், அதைத் தாங்கும் கான்கிரீட் மேடையான பெடஸ்டலின் அளவையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் உடனே எடையை கான்கிரீட்டின் தாங்குதிறனால் வகுக்கிறார்கள்.

நானும் வகுத்துக் காட்டுகிறேன். தண்ணீர் நிரம்பிய நிலையில் 1820 கிலோநியூட்டன், அதாவது சுமார் 185 டன். பாதுகாப்புக்காக 1.5 பெருக்கி, எம்30 கான்கிரீட்டின் தாங்குதிறனான 13.5 மெகாபாஸ்கலால் வகுத்தால் 450 மி.மீ. சதுரத் தகடு போதும் என்று விடை வரும். முப்பது மீட்டர் உயர வெசலை ஒன்றரை அடித் தகட்டில் நிறுத்தலாம் என்கிறது கணக்கு! வகுத்தது சரிதான். ஆனால் தகட்டின் அளவு அந்த வகுத்தலில் முடிவாவதே இல்லை. போல்ட், போல்ட்டைச் சுற்றி வேண்டிய இடம், தகட்டின் வளைவு, பெடஸ்டலின் விளிம்பு, இவைதான் முடிவு செய்கின்றன. அதனால் எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பது முக்கியம்.

கீழே ஸ்கர்ட் (வெசலின் அடியில் பாவாடை போல் சுற்றி நிற்கும் எஃகு உருளை) மேல் நிற்கும் ஒரு செங்குத்து வெசலை உதாரணமாக எடுத்துக் கடைசி வரை கொண்டுபோகிறேன். படுத்திருக்கும் வெசலுக்கு ஒரு தனிப் பகுதி உண்டு. எண்கள் பயிற்சிக்கு. உங்கள் வேலையின் எண்களை உங்கள் லோட் ஷீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

1. உட்காருவதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை

வெண்டரின் ஜெனரல் அரேஞ்ச்மென்ட் டிராயிங், லோட் ஷீட் (எடை, விசைகளின் பட்டியல்), பைப்பிங் ஆட்களின் லோட், மண் பரிசோதனை அறிக்கை. இந்த நான்கும் இல்லாமல் ஆரம்பித்தால் இரண்டு முறை வேலை செய்ய வேண்டியிருக்கும்.

டிராயிங்கின் ரிவிஷன் எண்ணைக் கணக்கின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பழைய ரிவிஷனில் 12 போல்ட் இருக்கும், புதியதில் 16 ஆகியிருக்கும். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

லோட் ஷீட் கையில் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, அலகு. சில ஷீட்கள் டன்னிலும் டன்-மீட்டரிலும் வரும். அதை அப்படியே கிலோநியூட்டன் என்று வாசித்தால் பத்து மடங்கு தப்பு. இரண்டு, அந்த எடையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது. பிளாட்ஃபார்ம், ஏணி, இன்சுலேஷன், ஸ்கர்ட்டின் ஃபயர் புரூஃபிங் இவை பல சமயம் விட்டுப்போயிருக்கும். மூன்று, மொமென்ட் (சாய்க்கும் திருப்புவிசை) எந்த மட்டத்தில் எடுத்தது என்பது. பொதுவாக பேஸ் ரிங்கின் (ஸ்கர்ட்டின் அடியிலுள்ள வளைய வடிவ பேஸ் பிளேட்) அடியில். அதே மொமென்ட்டை பெடஸ்டலின் அடி வரைக்கும் மாற்றாமல் எடுத்துப்போவது அடிக்கடி நடக்கும் தப்பு. கிடைவிசை 170 கிலோநியூட்டன், பெடஸ்டல் உயரம் 2.5 மீட்டர் என்றால், கீழே 425 கிலோநியூட்டன்-மீட்டர் கூடியிருக்கும்.

2. மூன்று எடையையும் தனித்தனியாக வையுங்கள்

வெசலுக்கு ஒரே எடை கிடையாது. கிரேன் இறக்கிவிட்டுப் போன நாளில் அது காலிப் பாத்திரம். ஓடும்போது உள்ளே திரவம், டிரே, இன்சுலேஷன் எல்லாம் இருக்கும். தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் ஹைட்ரோ டெஸ்ட் நாளில் உச்சி வரை தண்ணீர்.

நம் உதாரணத்தில் காலி எடை 600, ஓடும் எடை 900, டெஸ்ட் எடை 1820 கிலோநியூட்டன். புதியவர்கள் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். போல்ட்டுக்கு மோசமான நிலை காலி எடைதான், ஏனென்றால் காற்று சாய்க்கும்போது கீழே பிடித்து வைக்க எடை குறைவு. கான்கிரீட்டின் அழுத்தத்துக்கு மோசமானது பெரும்பாலும் ஓடும் எடையும் முழுக் காற்றும். டெஸ்ட் எடையோடு முழுப் புயலைச் சேர்க்கத் தேவையில்லை, புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் யாரும் தண்ணீர் ஏற்ற மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு காற்று எடுப்பது நாங்கள் பின்பற்றும் வழக்கம். உங்கள் திட்டத்தின் டிசைன் பேசிஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு விதி.

காலியாக நிற்கும் காலம் நீளமானது என்பதையும் மறக்காதீர்கள். மே மாதம் தூக்கி நிறுத்தியது, பைப்பிங் முடியாமல் அக்டோபர், நவம்பர் வரை காலியாகவே நிற்கும். சென்னைக் கடற்கரைக்குப் புயல் வருவதும் அப்போதுதான்.

3. இந்த ஊரின் காற்று, நிலநடுக்கம்

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் 2015 பதிப்பில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதே பதிப்பில் புயல் பகுதிக்கென்று தனியாக ஒரு பெருக்கெண் வந்தது. கிழக்குக் கடற்கரையில் 60 கி.மீ. பட்டைக்குள் இருக்கும் தொழிற்சாலைக் கட்டமைப்புகளுக்கு அது 1.15. வேகத்தில் 15 சதவீதம் என்றால் அழுத்தத்தில் 32 சதவீதம், ஏனென்றால் வேகம் வர்க்கமாகிறது. வெளிமாநில வெண்டர்களின் ஷீட்டில் இது விட்டுப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன், கேட்டு உறுதி செய்யுங்கள். எண்ணூரில் கடலைப் பார்த்து நிற்கும் சைட்டுக்கு டெரெய்ன் வகை 1, சுற்றிலும் கட்டடம் இருக்கும் இடத்துக்கு வேறு. அதையும் ஷீட்டில் பாருங்கள்.

உயரம் அகலத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் என்றால் காற்றின் டைனமிக் விளைவையும் பார்க்கச் சொல்கிறது விதி. 2.4 மீட்டர் விட்டம், 30 மீட்டர் உயரம் என்பது பன்னிரண்டரை மடங்கு, தப்பிக்க முடியாது. நிலநடுக்கத்துக்கு ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பின்படி சென்னை மூன்றாம் மண்டலம், மண்டலக் காரணி 0.16. இப்படி மெலிந்து உயர்ந்த வெசலுக்கு இங்கே பெரும்பாலும் காற்றுதான் ஜெயிக்கும். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் உதாரணத்துக்கு அடியில் காற்று மொமென்ட் 2800 கிலோநியூட்டன்-மீட்டர்.

4. போல்ட்டை முதலில் முடியுங்கள்

தகட்டுக்கு முன்னால் போல்ட் ஏன் என்று கேட்பார்கள். போல்ட்டின் விட்டம் தெரிந்தால்தான் அதற்கு எவ்வளவு துளை, துளையிலிருந்து தகட்டின் ஓரத்துக்கு எவ்வளவு தூரம், ஸ்பேனர் நுழைய எவ்வளவு இடம் என்பது தெரியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் தகட்டின் அகலத்தைச் சொல்ல முடியாது.

ஒரு போல்ட்டின் இழுவிசைக்கு எளிய சூத்திரம்: நான்கு மடங்கு மொமென்ட்டை, போல்ட் எண்ணிக்கை பெருக்கல் போல்ட் வட்ட விட்டத்தால் வகுத்து, எடையில் ஒரு போல்ட்டின் பங்கைக் கழியுங்கள். 16 போல்ட், போல்ட் வட்டம் (போல்ட் மையங்கள் வழியே போகும் வட்டம்) 2550 மி.மீ.:

மொமென்ட்டால் வருவது: 4 × 2800 ÷ (16 × 2.55) = 274.5 கிலோநியூட்டன்.
காலி எடையின் பங்கு: 600 ÷ 16 = 37.5 கிலோநியூட்டன்.

லிமிட் ஸ்டேட் முறையில் (சுமைகளைப் பாதுகாப்பு எண்ணால் பெருக்கிப் பார்க்கும் முறை) காற்றை 1.5 பெருக்குங்கள், எடையை 0.9 பெருக்குங்கள். எடை இங்கே நமக்கு உதவுகிறது, உதவும் விசையைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். எடையையும் 1.5 பெருக்கிவிட்டு போல்ட் சின்னதாக வந்தது என்று சந்தோஷப்படுபவர்கள் வருடத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். சரியான விடை 412 − 34 = 378 கிலோநியூட்டன்.

கிரேடு 4.6-இல் எம்48 போல்ட்: மரையின் பரப்பு 1473 ச.மி.மீ., அந்த இடத்தில் தாங்குதிறன் 0.9 × 400 × 1473 ÷ 1.25 = 424 கிலோநியூட்டன். தண்டின் ஈல்டு (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் நிலை) பக்கம் 240 × 1810 ÷ 1.1 = 395. சின்னதை எடுங்கள். 395, 378-ஐ விடக் கூட. எம்48 போதும். முதல் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள், இந்த மென்மையான கிரேடில் தண்டுதான் முந்திக்கொள்கிறது.

5. இப்போது ரிங்கின் அகலம்

ஸ்கர்ட்டின் வெளிவிட்டம் 2400. ரிங்கின் உள்விட்டம் 2250, வெளிவிட்டம் 2700 என்று முதல் ஊகம் வைக்கிறோம். பார்க்க அழகான எண்.

எம்48-க்கு பேஸ் ரிங்கில் 54 மி.மீ. துளை வைப்போம். தரையில் ஊன்றிய போல்ட் எப்போதும் கொஞ்சம் நகர்ந்துதான் இருக்கும், அதனால் இந்த 6 மி.மீ. தாராளம். துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரத்துக்கு எஃகுக் கட்டமைப்புக்கான ஐ.எஸ். 800 கேட்பது, மெஷின் கேஸ் கட்டிங் என்றால் துளையின் 1.5 மடங்கு, கையால் கேஸ் கட்டிங் என்றால் 1.7 மடங்கு. 1.5-க்கு 81 மி.மீ., 1.7-க்கு 92 மி.மீ. நம்மிடம் இருப்பது (2700 − 2550) ÷ 2 = 75. இரண்டுக்கும் பற்றாது.

ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் எந்த கட்டிங் என்று நமக்கு இன்று தெரியாது, 92-ஐ எடுத்துக்கொள்கிறேன். 2550 + 184 = 2734, வட்டமாக 2740.

உள்பக்கமும் பாருங்கள். ஸ்கர்ட்டுக்கும் போல்ட் மையத்துக்கும் நடுவே 75 மி.மீ. எம்48 நட்டின் முனைக்கு முனை சுமார் 83, பாதி 42. வெல்டுக்கு ஒரு பத்து போனால் ஸ்பேனருக்கு மிஞ்சுவது இரண்டு விரல் அகலம்கூட இல்லை. சேர் (ரிங்குக்கு மேல் போல்ட்டைச் சுற்றி எழுப்பும் இருக்கை, 7-ஆம் பகுதியில் வருகிறது) வைத்தால் நட் மேலே ஏறிவிடும், ஆனால் ஸ்கர்ட் மேலேயும் அங்கேதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சாக்கெட்டைக் கையில் எடுத்து அளந்து பாருங்கள். டிராயிங்கில் நட் ஒரு அறுகோணக் கோடு மட்டும்தான்.

6. கான்கிரீட்டின் மேல் அழுத்தம்

2740-க்கும் 2250-க்கும் நடுவே ரிங்கின் பரப்பு 1.92 ச.மீ., செக்‌ஷன் மாடுலஸ் 1.10 கன மீட்டர் (மொமென்ட்டை இதனால் வகுத்தால் ஓரத்தின் அழுத்தம் வரும்).

ஓடும் எடை: 900 ÷ 1.92 = 469 கிலோபாஸ்கல், அதாவது 0.47 மெகாபாஸ்கல்.
காற்று: 2800 ÷ 1.10 = 2545 கிலோபாஸ்கல், அதாவது 2.54 மெகாபாஸ்கல்.

ஒரு பக்கம் 3.01 அழுத்தம், மறுபக்கம் 2.07 இழுவை. பலர் இங்கே 3.01-ஐ எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். மறுபக்கத்தில் கான்கிரீட் தகட்டைப் பிடித்து இழுக்காது. அந்த இழுவையை போல்ட்கள் மட்டுமே எடுக்கின்றன, அவற்றின் மொத்தப் பரப்பு ரிங்கோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆகவே நியூட்ரல் ஆக்சிஸ் (அழுத்தமும் இழுவையும் பிரியும் கோடு) அழுத்தப் பக்கமாக நகர்ந்து, சின்ன ஒரு வில் மட்டுமே சுமையைத் தாங்கும். மாடுலர் விகிதம் (கான்கிரீட்டைவிட எஃகு எத்தனை மடங்கு விறைப்பு என்பது) 9.33 வைத்து, ஆக்சிஸ் நிலைக்கும் வரை இரண்டு மூன்று சுற்று போட்டால், வெளி ஓரத்தில் அழுத்தம் சுமார் 4.4 மெகாபாஸ்கல் வரும். நேர்கோட்டுச் சூத்திரம் சொன்னதைவிட ஏறக்குறைய பாதி கூட.

இழுவை வராத வெசலுக்கு நேர்கோட்டுச் சூத்திரம் தாராளமாகப் போதும். டெஸ்ட் நிலையைப் பாருங்கள்: 1820 ÷ 1.92 = 0.95, மூன்றில் ஒரு பங்கு காற்று 0.85, கழித்தாலும் இழுவை இல்லை, கூட்டினால் 1.8. அங்கே சுற்றுகள் போட வேண்டியதில்லை.

சரி, 4.4-ஐ 1.5 பெருக்கினால் 6.6. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 அனுமதிப்பது கான்கிரீட் வலிமையின் 0.45 மடங்கு, எம்30-க்கு 13.5. ஐ.எஸ். 800-இல் 0.6 மடங்கு என்று இருக்கும், இரண்டில் நான் சின்னதையே வைத்துக்கொள்கிறேன். பெடஸ்டல் தகட்டைவிடப் பெரிதாக இருந்தால் ஐ.எஸ். 456 இன்னும் இரண்டு மடங்கு வரை கூட்டிக்கொள்ள விடும், 1-க்கு 2 சரிவில் பரப்பை விரித்து அதன் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இந்த மாதிரி ரிங்குக்கு அந்தச் சலுகையைத் தொட வேண்டிய அவசியமே வராது. பாதித் திறனில்தான் கான்கிரீட் வேலை செய்கிறது.

இன்னொன்று, தகட்டின் அடியில் நேராகத் தொடுவது கிரவுட் (தகட்டுக்கும் பெடஸ்டலுக்கும் நடுவே ஊற்றும் கலவை). கிரவுட், கான்கிரீட் இரண்டில் வலிமை குறைந்ததை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

7. தடிமன்: தகட்டைப் பெரிதாக்கினால் மெலியுமா?

மெலியாது. புதியவர்களுக்கு இது எளிதில் மண்டையில் ஏறுவதில்லை.

ஸ்கர்ட்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் பகுதி ஒரு கேண்டிலீவர், ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு உள்ளது. ஐ.எஸ். 800-இன் சூத்திரத்தை ரிங்குக்கு ஏற்றபடி எழுதினால்:

தடிமன் = √(2.5 × அழுத்தம் × துருத்தல்² × 1.1 ÷ ஈல்டு வலிமை)

நேர்கோட்டு அழுத்தத்தையே வைத்து இரண்டு அளவையும் ஒப்பிடுவோம். 2700 ரிங்கில் துருத்தல் 150, பெருக்கிய அழுத்தம் 4.97, தடிமன் 35.8 மி.மீ. அதை 2740 ஆக்கினோம். துருத்தல் 170, அழுத்தம் 4.52 ஆகக் குறைந்தது, தடிமனோ 38.7 ஆக ஏறியது. அழுத்தம் பத்தில் ஒன்று குறையும்போது துருத்தலின் வர்க்கம் நான்கில் ஒன்றுக்கும் மேல் ஏறுகிறது. "சேஃப்டிக்குக் கொஞ்சம் அகலமாக்கிட்டேன் சார்" என்று வரும் டிராயிங்கில் தடிமன் பழையபடியே இருக்கும். அது சேஃப்டி இல்லை.

அடுத்த கண்ணி ஈல்டு வலிமை. ஐ.எஸ். 2062-இன் இ250 தகடு என்றதும் 250 என்று போட்டுவிடாதீர்கள். 20 மி.மீ.க்கு மேல் 40 வரை 240, 40-க்கு மேல் 230. தகடு தடிக்கத் தடிக்க வலிமை இறங்குகிறது.

இப்போது உண்மையான அழுத்தமான 6.6-ஐப் போடுவோம். 170 துருத்தல், 230 ஈல்டு: தடிமன் 47.8. கடற்கரைக் காற்றுக்குத் துரு அலவன்ஸ் 3 மி.மீ. சேர்த்தால் 50.8. இந்த 0.8-ஐ விழுங்கி 50 என்று எழுதக் கை வரும். எழுதாதீர்கள், அடுத்து கிடைக்கும் தகடு 56.

56 மி.மீ. ரிங்கை வளைத்து வெல்டு செய்வது பெரும்பாடு. இங்கேதான் சேர் உதவிக்கு வருகிறது: ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரு பக்கம் கசெட் தகடு, மேலே ஒரு டாப் பிளேட். கசெட்கள் துருத்தலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்த தகட்டை மூன்று பக்கம் பிடிக்க வைக்கின்றன. தடிமன் நன்றாக இறங்கும். ஆனால் சேருக்கும் சேருக்கும் நடுவிலுள்ள நீண்ட கட்டத்தையும் தனியாகச் சரிபாருங்கள். 16 போல்ட் என்றால் போல்ட்டுக்குப் போல்ட் 500 மி.மீ., அதில் சேர் 150 எடுத்துக்கொண்டால் 350 மி.மீ. வெறுமையாக நிற்கிறது.

8. பெடஸ்டல்

தகட்டின் ஓரத்தோடு கான்கிரீட்டை முடிக்கக் கூடாது. ஓரத்தில் அழுத்தம் உச்சம், அங்கேதான் கான்கிரீட் சில்லுச் சில்லாகப் பெயரும். போல்ட் மையத்திலிருந்து கான்கிரீட் விளிம்புக்கு போல்ட் விட்டத்தின் ஆறு மடங்கு என்பது எங்கள் வழக்கம்: 2550 + 2 × 288 = 3126. முகத்துக்கு முகம் 3200 மி.மீ. எண்கோணமாக எடுக்கலாம். வட்டமாக வேண்டாம், எட்டு நேர்ப் பலகையில் ஷட்டரிங் முடிந்துவிடும். பரப்பு சுமார் 8.5 ச.மீ., ரெடிமிக்ஸ் சொல்லும்போது ஒரு மீட்டர் உயரத்துக்கு எட்டரை கன மீட்டர்.

கடற்கரைச் சூழலுக்கு ஐ.எஸ். 456 'கடுமை' வகை, குறைந்தபட்சம் எம்30, கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்) 45 மி.மீ. கடல் நீர்த் துளி நேராகத் தெறிக்கும் இடமென்றால் எம்35, கவர் 50.

பெடஸ்டலில் மினிமம் கம்பி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். போல்ட்டின் இழுவை எங்கே போகிறது? கான்கிரீட்டிலிருந்து கம்பிக்கு மாறித்தான் கீழே இறங்க வேண்டும். 378 கிலோநியூட்டனை 500 கிரேடு கம்பியின் டிசைன் வலிமையான 435 மெகாபாஸ்கலால் வகுத்தால் ஒரு போல்ட்டுக்கு 869 ச.மி.மீ., அதாவது 20 மி.மீ. கம்பி மூன்று. அவை போல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அரை மீட்டர் தள்ளி இருந்தால் பிரயோஜனம் இல்லை. போல்ட்டின் அடித்தகடு கம்பிக் கூட்டுக்குள் நுழையுமா என்பதையும் அப்போதே வரைந்து பாருங்கள்.

9. படுத்திருக்கும் வெசல் என்றால்

சாடில் (சேணம் போன்ற தாங்கி) மேல் கிடக்கும் வெசலில் கதையே வேறு. டெஸ்ட் எடை 1100 கிலோநியூட்டன், இரண்டு சாடில், ஒவ்வொன்றின் அடித்தகடு 2600 × 300 என்றால் அழுத்தம் 0.7 மெகாபாஸ்கல். கான்கிரீட்டுக்கு உறைக்கவே உறைக்காது.

இங்கே வில்லன் வெப்பம். சாடிலுக்குச் சாடில் 8 மீட்டர், வெப்பநிலை உயர்வு 200 டிகிரி என்றால் வெசல் 19 மி.மீ. நீளும். அதனால் ஒரு சாடில் நிலையானது, மற்றது சறுக்க வேண்டும். சறுக்கும் பக்கம் ஸ்லாட் துளை, அடியில் சறுக்குத் தகடு. எஃகின் மேல் எஃகு என்றால் உராய்வுக் காரணி 0.4 எடுப்போம், டெஃப்ளான் என்றால் 0.1. ஒரு சாடிலில் ஓடும் சுமை 350 கிலோநியூட்டன் என்றால் கிடைவிசை 140-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசம். ஒன்றரை மீட்டர் பெடஸ்டலின் அடியில் அது 210 மொமென்ட்டா 53-ஆ என்று ஆகிறது. இந்த விசை நிலையான சாடிலுக்கும் எதிர்ப்பக்கமாகப் போகும், அதை விட்டுவிடாதீர்கள்.

சைட்டில் நடக்கும் தப்பு ஒன்றுதான், ஆனால் திரும்பத் திரும்ப நடக்கும்: ஃபிட்டர் வந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கிவிட்டுப் போவார். சறுக்கும் பக்கத்தில் நட் தகட்டைத் தொடக் கூடாது, ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி விட்டு லாக் நட் போட வேண்டும் என்று டிராயிங்கிலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

10. டிராயிங்கில் எழுதும்போது

போல்ட் தலை கான்கிரீட்டுக்கு மேல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைக் கூட்டிக் காட்டுங்கள், மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள். கிரவுட் 50, தகட்டின் அடியிலிருந்து சேரின் உச்சி வரை 350, வாஷர் 12, நட் 38, லாக் நட் 38, மிச்ச மரை 15. கூட்டினால் 503, எழுதுவது 510. கிரவுட்டின் 50-ஐ மறந்தவர்களுக்கு லாக் நட் போட மரை இருக்காது.

பெடஸ்டலின் மேல்மட்டத்தை கிரவுட்டின் அடிமட்டத்தைவிட 10, 15 மி.மீ. உயரமாக வார்க்கச் சொல்லுங்கள். மேலே வரும் பால் போன்ற மெல்லிய சிமெண்ட் பரப்பைக் கொத்தி எடுத்தால்தான் கிரவுட் பிடிக்கும். மேஸ்திரி ஆசையாகக் கரணையால் வழவழவென்று தேய்த்து வைத்திருப்பார், பார்க்க நன்றாக இருக்கும், கொத்தத்தான் வேண்டும்.

அப்புறம் திசை. எண்ணூர்ப் பக்கம் ஒரு சைட்டில் நான் கற்றுக்கொண்டது. 16 போல்ட், பெடஸ்டல் வார்த்து முடிந்து மூன்று வாரம். ஃபேப்ரிகேஷன் ஷாப்பிலிருந்து துளை போட்ட டெம்ப்ளேட் வந்தது, சும்மா ஒரு தடவை மேலே வைத்துப் பார்க்கலாம் என்று நாலு பேர் தூக்கி வைத்தார்கள். ஒரு போல்ட்கூட உள்ளே இறங்கவில்லை. ஒவ்வொரு துளையும் சரியாக இரண்டு போல்ட்டுக்கு நடுவில் நின்றது. வெண்டர் டிராயிங்கில் வடக்குக் கோடு இரண்டு போல்ட்டுக்கு நடுவே போயிருந்தது, எங்கள் டிராயிங்கில் அந்தக் கோட்டிலேயே முதல் போல்ட். பதினொன்றேகால் டிகிரி. "சார், வெசலைக் கொஞ்சம் திருப்பி வெச்சா?" என்றார் ரிக்கர். நாசில்கள் (குழாய் இணையும் வாய்கள்) எல்லாம் பைப் ரேக்கைப் பார்த்தாக வேண்டும், திருப்ப முடியாது. மேல் பாதியை உடைத்து மறுபடி வார்த்தோம். அந்தத் திசைக்கோட்டைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தது நான்தான்.

அதிலிருந்து ஒரே டெம்ப்ளேட்டைத்தான் இரண்டு இடத்திலும் பயன்படுத்துகிறோம். ஷாப்பில் ரிங்குக்குத் துளை போட்ட அதே டெம்ப்ளேட், வடக்கு என்று பெயிண்டில் எழுதி, சைட்டில் போல்ட் ஊன்றவும் வர வேண்டும். பிளான்ட் நார்த்தா, உண்மையான வடக்கா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

11. கிரவுட்: கணக்கு நிஜமாகும் இடம்

மேலே போட்ட எல்லாக் கணக்கும் தகடு முழுவதும் தொட்டு உட்கார்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அடியில் காற்றுப்பை இருந்தால் 1.92 ச.மீ. என்பது காகிதத்தில் மட்டும்.

கொத்திய பரப்பை ஊதிச் சுத்தம் செய்து, ஒரு நாள் முழுக்க ஈரமாக வையுங்கள். காய்ந்த கான்கிரீட் கிரவுட்டின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஊற்றுவதற்கு முன் தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிடுங்கள்.

மட்டம் பிடிக்க வைக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்களை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள். ஓரத்தில் தெரிகிற ஷிம் துருப்பிடித்து, அந்த வழியாகவே உப்புக்காற்றை உள்ளே கூட்டிப்போகும். வெசலின் எடையை ஷிம்மே தாங்கிக்கொண்டிருந்தால் கிரவுட் வெறும் அலங்காரம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்ணீர் அளவு மூட்டையில் அச்சடித்திருக்கும். அளவுக் குடம் இல்லாமல் கலக்க விடாதீர்கள். "இன்னும் கொஞ்சம் ஊத்தினா நல்லா ஓடும் சார்" என்பார் மேஸ்திரி. ஓடும்தான், ஆனால் ஓடிய பிறகு தண்ணீர் மேலே மிதந்து, தகட்டின் அடியில் ஒரு மெல்லிய இடைவெளியை விட்டுப் போகும்.

ஒரே பக்கத்திலிருந்து, சற்று உயரமான பெட்டி வைத்து, நிறுத்தாமல் ஊற்றுங்கள். கிரவுட் தகட்டின் அடியில் தவழ்ந்து மறுபக்கம் வெளிவர வேண்டும். இரண்டு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். அகலமான தகடு என்றால் காற்று வெளியேறத் துளைகளை டிசைனிலேயே கொடுத்துவிடுங்கள், சைட்டில் கேஸ் கட்டரால் போடும் துளை உங்கள் தடிமன் கணக்கில் இல்லை. வெளி ஓரத்தில் 45 டிகிரிச் சரிவாக முடியுங்கள்.

கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தகடு தோசைக்கல்லாகக் காயும், கிரவுட் பாதி வழியிலேயே இறுகும். விடியற்காலை ஆறு மணிக்கு, குளிர்ந்த தண்ணீரில், தகட்டின் மேல் ஈரச் சாக்கு போட்டு ஆரம்பியுங்கள். பிறகு ஈரச் சாக்கிலேயே கியூரிங்.

கிரவுட் வலிமை வந்ததும் சின்னச் சுத்தியலால் தகட்டின் மேல் சுற்றிலும் தட்டிக்கொண்டே போங்கள். நிறைந்த இடம் கெட்டியாகக் கேட்கும், காலி இடம் வெற்றொலி தரும். காலி இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு எப்பாக்ஸி ஊசி போட்டு நிரப்புங்கள். முக்கியமாக அழுத்தப் பக்கம் என்று எதையும் விட்டுவிட வேண்டாம், காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும்.

அதன் பிறகே கடைசி இறுக்கம், எதிரெதிர் போல்ட்களாக மாற்றி மாற்றி. ஹைட்ரோ டெஸ்ட் முடிந்து தண்ணீர் இறங்கியதும் நட்களை மறுபடி ஒரு சுற்று பாருங்கள், ஓரிரண்டு தளர்ந்திருக்கும். மரைகளில் கிரீஸ் பூசி, மேலே பி.வி.சி. குழாய் மூடி ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். எண்ணூர்க் காற்றில் மூடாத மரை ஒரே மழைக்காலத்தில் நட் இறங்காத அளவுக்குத் துருவேறிவிடும்.